வெந்த தோலை வெளிச்சத்தில் படிப்பது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சாயம் எதுவும் ஏற்றாமல் லேசர் நுண்ணோக்கியில் வைத்தாலே தோல் எவ்வளவு ஆழத்துக்கு வெந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். வெந்ததையும் வேகாததையும் வெளிச்சம் எப்படிப் பிரித்தறிகிறது?
– கல்லூரி மாணவி, சாட்ஸ்வொர்த்

பதில்: பாதி பதில் உங்கள் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. ட்ராட்டர்ஸும் (ஆட்டுக்கால்) பீன்ஸும் போட்ட குழம்பை மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கட்டியாக உறைந்து ஆடுகிறதல்லவா, அது ஜெலட்டின். அடுப்பில் ஏறும் முன் அது கொலாஜன். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட புரதம். சூட்டில் முறுக்கு அவிழ்ந்தால் ஜெலட்டின் ஆகிவிடும். நம் உள்தோலை உலர்த்தி எடை போட்டால் ஏறக்குறைய முக்கால் பங்கு கொலாஜன்தான். ஈரத்தோடு இருக்கும் தோலில் இந்த முறுக்கு 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் மளமளவென்று அவிழும்.

முறுக்குக் குலையாத கொலாஜன் நார்மீது 800 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாய்ச்சினால், சரியாகப் பாதி அலைநீளத்தில், அதாவது 400 நானோமீட்டரில், ஊதா வெளிச்சம் திரும்பி வரும். ஒவ்வொரு துடிப்பும் சுமார் 100 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. இந்த வெளிச்சத்துக்கு இரண்டாம் ஹார்மோனிக் என்று பெயர், ஆய்வகத்தில் எஸ்.எச்.ஜி. என்பார்கள். மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து அடுக்காக நின்றால்தான் இது பிறக்கும். கோலாட்டத்தில் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டினால் தெரு அதிரும். ஆளுக்கொரு நேரத்தில் தட்டினால் வெறும் சலசலப்பு. சூட்டில் அடுக்குக் கலைந்த கொலாஜனும் அப்படித்தான். பொருள் அங்கேயே இருக்கும், ஊதா வெளிச்சம் மட்டும் அணைந்துவிடும்.

அதே லேசர் இன்னொரு வெளிச்சத்தையும் எழுப்பும். எலாஸ்டின், கெரட்டின், செல்லுக்குள் இருக்கும் என்.ஏ.டி.எச். போன்றவை இரண்டு ஃபோட்டான்களை ஒன்றாக விழுங்கித் தாமாக ஒளிரும். இப்படி நடக்கலாம் என்று 1931-இல் மரியா கெப்பர்ட் மேயர் கணக்குப் போட்டுச் சொன்னார். அதை நுண்ணோக்கியாக்கி 1990-இல் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் வெளியிட்டார்கள். தோல் வேக வேக ஊதா வெளிச்சம் குறையும், இந்தத் தன்னொளிர்வு பெரும்பாலும் கூடும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒவ்வோர் ஆழத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் எங்கே திடீரென்று மாறுகிறதோ அதுதான் கொலாஜன் வெந்ததன் எல்லை.

கொலாஜன் வெந்ததன் எல்லை என்றோம், செல் செத்ததன் எல்லை என்று சொல்லவில்லை. நிறையப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். செல்கள் கொலாஜனைவிட மிக மென்மையானவை. ஹென்ரிக்ஸும் மோரிட்ஸும் 1947-இல் அளந்து சொன்னபடி, 44 டிகிரி சூடு சுமார் 6 மணி நேரம் நீடித்தாலே மேல்தோல் மீளாது. அங்கிருந்து 51 வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 60 டிகிரிக்குச் சில நொடிகள் போதும். ஆக, 52 டிகிரியில் பத்து நிமிடம் இருந்த தோலில் செல்கள் எல்லாம் செத்திருக்கும், எஸ்.எச்.ஜி. படமோ பளபளவென்று ஆரோக்கியமாகத் தெரியும். செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் புதிதாக உறையவைத்து வெட்டிய சீவலில் என்.பி.டி.சி. சாயம் ஏற்றுங்கள்: உயிருள்ள செல் நீலமாகும், செத்தது நிறமேறாமல் கிடக்கும். இரண்டு எல்லைகளையும் ஒரே படத்தில் வரைந்து காட்டாத அறிக்கையை அரை அறிக்கை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சிக்காகப் பன்றித் தோலைத் துண்டு போட்டுப் பல சூடுகளில் வைத்துப் பார்த்தோம். 37 டிகிரியில் வைத்த துண்டே மங்கலாகத்தான் தெரிகிறது. 60-இல் வைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லேசரில் கோளாறா?
– ஆய்வகத் தொழில்நுட்பர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: லேசரைக் குறை சொல்லும் முன் தோல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இறைச்சிக் கடைத் தோல் என்றால் அது உங்கள் கைக்கு வரும் முன்பே வெந்தது. அறுப்புக்கூடத்தில் மயிர் கழல்வதற்காகப் பன்றியைச் சுமார் 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்குவார்கள், பிறகு தீயாலும் வாட்டுவார்கள். சோதிப்பது எளிது. துண்டைக் குறுக்காக வெட்டி மேல்பக்கத்தையும் கொழுப்பை ஒட்டிய அடிப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். மேலே மங்கல், அடியில் பிரகாசம் என்றால் சந்தேகமே வேண்டாம். வெந்நீரில் முக்காமல் உரித்த தோல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மயிரைக் கத்தரியால் நறுக்கினால் போதும்.

சரியான தோல் கிடைத்ததும் கொழுப்பைச் சீவி எடுத்து, 1 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, சலைனில் நனைத்த காஸ் துணியில் சுற்றி 4 டிகிரியில் வையுங்கள். ஒரு நாளுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஃப்ரீசரில் போடாதீர்கள், பனித்துகள் நார்களைப் பிரித்துப் போட்டுவிடும், அந்த இடைவெளியைப் பிறகு சூட்டுக் காயம் என்று எண்ணிவிடுவோம். உலரவும் விடக் கூடாது. காய்ந்த கொலாஜன் 100 டிகிரியைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். ஒரு மூலை காய்ந்திருந்தாலும் அந்த மூலை மட்டும் "சூடே படவில்லை" என்று பொய் சொல்லும்.

ஒவ்வொரு துண்டின் மேலும் அழியாத மையால் 8 மில்லிமீட்டர் சதுரம் வரைந்துகொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையில் சில துளி சலைனோடு போட்டு, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடுங்கள். காற்றுக் குமிழ் இருக்கும் பக்கம் சூடு பிந்தும். வாட்டர் பாத்தை (சூடு மாறாமல் வைக்கும் நீர்த்தொட்டியை) 37, 50, 55, 60, 65, 70, 80 என்று வைத்து ஒவ்வொன்றிலும் 5 நிமிடம். 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளேயும் சூடேறிவிடும், ஆகவே 5 நிமிடம் நியாயமான அளவு. பாத்தின் முகப்பில் எரியும் எண்ணை நம்பாமல் பைக்குப் பக்கத்தில் தனி வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். எடுத்ததும் பனிநீர்ச் சலைனில் ஒரு நிமிடம் முக்குங்கள், இல்லையென்றால் மேசையில் கிடந்தபடியே வெந்துகொண்டிருக்கும். குறைந்த சூட்டிலிருந்து வரிசையாக ஏறிப் போகாமல் சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள். வரிசையாகப் போனால் 80 டிகிரித் துண்டுதான் எப்போதும் அதிக நேரம் காத்துக் கிடந்த துண்டாக இருக்கும். சூடு செய்ததா, காத்திருப்பு செய்ததா என்று பிரிக்க முடியாது.

மைச் சதுரத்தை இப்போது மறுபடி அளந்து பாருங்கள். 65-க்கு மேலே தோல் சுருங்கித் தடிக்கும். சுருங்கிய தோலில் ஒரே ஆழத்தில் அதிக நார் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், அதனால் வெளிச்சம் குறைந்ததன் ஒரு பங்கு மறைந்துபோகும். உடம்போடு இருக்கும் தோலைச் சுற்றியுள்ள தோல் இழுத்துப் பிடித்திருக்கிறது. அப்படிப் பிடித்திருந்தால் கொலாஜன் அவிழ இன்னும் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். பையில் தளர்வாக மிதந்த துண்டின் எண்ணை நோயாளியின் கைக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பது இதனால்தான்.

குறுக்குவெட்டுக்கு வைப்ரடோமில் (அதிரும் கத்தியால் சீவும் கருவி) 150 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவுங்கள். துண்டைப் பிடித்து நிறுத்த, ஆறினால் ஜெல்லி போல இறுகும் அகரோஸ் ஊற்றுவீர்கள். சாதாரண அகரோஸைக் கொதிக்கவைத்து நேரே ஊற்றினால் 37 டிகிரித் துண்டும் அன்றே வெந்துவிடும். தாழ்ந்த சூட்டில் இறுகும் வகையை வாங்கி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள்.

நுண்ணோக்கியில் ஒளிக் கோளாறுகள் பல. லேசர் நேர்கோட்டில் முனைவுற்றிருந்தால், அதாவது ஒளியலை ஒரே திசையில் மட்டும் அதிர்ந்தால், அதன் திசைக்கு இணையான நார் பளிச்சென்றும் குறுக்கே கிடக்கும் நார் மங்கலாகவும் தெரியும்; சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆப்ஜெக்டிவுக்கு முன்னால் கால் அலைத் தகடு வைத்து ஒளியை வட்ட முனைவாக்கிவிடுங்கள். ஊதாப் பாதையில் 400-ஐ நடுவாகக் கொண்ட குறுகிய ஃபில்டர், தன்னொளிர்வுப் பாதையில் 430-க்கு மேல். வருவது நிஜமான எஸ்.எச்.ஜி.தானா என்று பார்க்க லேசரை 840-க்குத் திருப்புங்கள்: வெளிச்சம் 420-க்கு நகர்ந்தால் சரி, நகராமல் அதே இடத்தில் நின்றால் அது ஒளிர்வு. சக்தியை இரட்டித்தால் வெளிச்சம் நான்கு மடங்காக வேண்டும்.

மாதிரிமேல் விழும் சக்தி 10 முதல் 20 மில்லிவாட் போதும். ஒரே இடத்தைப் பத்து முறை படமெடுத்துப் பாருங்கள். பத்தாவது படம் முதல் படத்திலிருந்து மாறியிருந்தால் உங்கள் லேசரே தோலை வேகவைக்கிறது. டிடெக்டரின் கெயினை (வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை) 37 டிகிரித் துண்டில், எந்தப் புள்ளியும் முழுவெள்ளை ஆகாத அளவில் ஒருமுறை நிறுத்திவிட்டு, கடைசித் துண்டு வரை அதைத் தொடக் கூடாது. படம் அழகாக வரவேண்டும் என்று 70 டிகிரித் துண்டுக்குக் கெயினை ஏற்றுகிறவர்கள் உண்டு. அன்றைய அளவெல்லாம் அத்தோடு குப்பைதான்.

இன்னொரு சங்கடம். எஸ்.எச்.ஜி. வெளிச்சத்தில் பெரும்பங்கு லேசர் போகும் திசையிலேயே முன்னோக்கிப் போகும். தோல் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதில்தான் நமக்குக் கிடைக்கிறது. வெந்த தோலின் சிதறடிக்கும் தன்மையும் மாறிவிடுகிறது. ஆகவே திரும்பி வரும் வெளிச்சத்தை மட்டும் வைத்து "கொலாஜன் 40 விழுக்காடு அழிந்தது" என்று எழுதினால் அது தவறு. எல்லை எங்கே என்று சொல்லுங்கள், விழுக்காடு வேண்டாம்.

ஒரே பன்றியின் ஏழு துண்டு ஏழு மாதிரி ஆகாது. குறைந்தது மூன்று வெவ்வேறு விலங்குகள் வேண்டும்.

கேள்வி: அவ்வளவு விலையுள்ள லேசர் எங்கள் பள்ளிக்குக் கனவு. சாதாரண நுண்ணோக்கியில் இதைக் காட்ட வழி உண்டா?
– அறிவியல் ஆசிரியர், டோங்காட்

பதில்: உண்டு, அழகாகவும் இருக்கும். கொலாஜன் நாருக்கு இரட்டை ஒளிவிலகல் உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிய இரண்டு முனைவாக்கிகளுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே வைத்தால் இருட்டில் நார் மட்டும் ஒளிரும். வேகவைத்தால் அந்த ஒளி போய்விடும். எஸ்.எச்.ஜி. சொல்லும் அதே சேதிதான், மலிவு விலையில்.

தோலைவிட மாட்டுத் தசைநாண் வகுப்புக்கு நல்லது. ஊசியால் மயிரிழை அளவுக்குக் கிழித்து, ஒரு இழையை அப்படியே தண்ணீரில் ஸ்லைடுமேல் வையுங்கள். இன்னொரு இழையை 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். மாணவர்கள் கண்ணெதிரே பாதிக்கும் கீழே சுருங்கும். முதலாவது ஒளிரும், இரண்டாவது இருண்டு கிடக்கும். நல்ல இழையும்கூட முனைவாக்கியின் திசைக்கு நேராகவோ செங்குத்தாகவோ கிடந்தால் இருட்டாகத்தான் தெரியும், ஆகவே ஸ்லைடை 45 டிகிரி திருப்பிப் பார்த்த பிறகே தீர்ப்பு.

முனைவாக்கிக்குக் கேமராவுக்கு விற்கும் சி.பி.எல். (வட்ட முனைவாக்கி) ஃபில்டர் இரண்டு வாங்கிப் பயன்படுத்தலாம். அதன் ஒரு பக்கத்தில் கால் அலைத் தகடு ஒட்டியிருக்கும். திருகு மரை உள்ள பக்கம் ஸ்லைடைப் பார்க்காதபடி, ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வையுங்கள். மாற்றி வைத்தால் எப்படித் திருப்பினாலும் முழு இருட்டு வராது.

மருத்துவ ஆய்வகத்தில் 5 மைக்ரோமீட்டர் சீவலில் பிக்ரோசிரியஸ் ரெட் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். தெவிட்டிய பிக்ரிக் அமிலத்தில் 0.1 விழுக்காடு சிரியஸ் ரெட், ஒரு மணி நேரம், பிறகு 0.5 விழுக்காடு அசிட்டிக் அமில நீரில் கழுவல். பள்ளியில் வேண்டாம். பிக்ரிக் அமிலம் காய்ந்துபோனால் வெடிக்கும் பொருள்.

பாடக்குறிப்பு எழுதும்போது ஒரு சொல்லில் கவனம்: ஆய்வகத்தில் "பாரஃபின்" என்றால் சீவலுக்கு முன் திசுவைப் பதிக்கும் மெழுகு. நம் தென்னாப்பிரிக்காவில் மாணவன் மனதில் வருவது ஸ்டவ்வில் ஊற்றும் பாரஃபின். இதேபோல ஓ.சி.டி. என்பது உறையவைக்கும் பசையின் பெயர். தோலுக்குள் பார்க்கும் ஒளிக்கருவிக்கும் அதே பெயர்.

கேள்வி: குழந்தை கைமேல் தேநீர் கொட்டிவிட்டது. எவ்வளவு ஆழம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அன்றே சொல்லக்கூடிய நுண்ணோக்கி கிடையாதா?
– ஒரு தாய், பீனிக்ஸ்

பதில்: டாக்டர் சொன்னது சரி. காயம் அன்றோடு நிற்பதில்லை. டக்ளஸ் ஜாக்சன் 1953-இல் பிரித்துக் காட்டியபடி, நடுவில் செத்த பகுதி, அதைச் சுற்றி இரத்த ஓட்டம் தடுமாறும் பகுதி, வெளியே சிவந்த பகுதி. நடு வளையம் பிழைக்குமா சாகுமா என்பது அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் தெரியும். முதல் நாள் படம் முதல் நாள் நிலையைத்தான் சொல்லும். அனுபவமுள்ள மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்வதும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறைதான் சரியாக அமைகிறது. இரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர் டாப்ளர் கருவி அதைவிட நம்பகமானது, ஆனால் அதற்கும் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நுண்ணோக்கிக்கு இன்னொரு தடை, அதன் ஜன்னல் மிகச் சிறியது. ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் சதுரம் தெரியும் என்று வைத்துக்கொண்டால், 100 சதுர சென்டிமீட்டர் காயத்துக்கு 40,000 படங்கள். அழுகிற குழந்தையின் கையில் எடுக்கக்கூடியதா? இப்போதைக்கு இது ஆய்வுக்கான கருவி.

அடுத்த முறைக்கு, அது வரவே வேண்டாம், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் தொடர்ந்து காட்டுங்கள். காயம் பட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ், பற்பசை, வெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். மஞ்சள் பூசினால் நிறம் பார்த்து ஆழம் சொல்லும் வழியும் அடைபடும்.

கேள்வி: நம்மவர்கள் கருத்த தோலில் சிவப்பு தெரிவதில்லை. இந்த ஒளிக்கருவிகளாவது நிறம் பாராமல் வேலை செய்யுமா?
– செவிலியர், ஸ்டேங்கர்

பதில்: கருவியைப் பொறுத்தது. தோலுக்குக் கருமை தரும் மெலனின் ஒளியை விழுங்குவது அலைநீளம் கூடக்கூடக் குறையும். 1300 நானோமீட்டரில் வேலை செய்யும் ஓ.சி.டி. கருவி கருத்த தோலிலும் 1 மில்லிமீட்டர் வாக்கில் உள்ளே பார்க்கும். செல்லைத் தனித்தனியாகக் காட்டாது. 800 நானோமீட்டர் லேசர் நுண்ணோக்கி செல்லைக் காட்டும், ஆனால் சுமார் 200 மைக்ரோமீட்டர்தான் இறங்கும். அதில் மெலனினால் இரண்டு தொல்லை. மேல்தோலின் அடிவரிசையில் குவிந்திருக்கும் மெலனின் தானே பலமாக ஒளிர்வதால், கணக்கில் அந்த வரிசை வெந்தது போலத் தோன்றும். எண்ணை அதற்குக் கீழே உள்தோலில் மட்டும் எடுக்க வேண்டும். வெளுத்த தோலுக்குப் பழகிய சக்தியை அப்படியே வைத்தால் மெலனின் துகள்கள் சூடேறிப் புள்ளிப் புள்ளியாகப் பொசுங்கவும் கூடும். குறைந்த சக்தியில் தொடங்கி ஏற்றுங்கள். ஒப்பீட்டுக்கு வேறொருவர் தோல் உதவாது, அதே ஆளின் மறுபக்கக் கையில் அதே இடத்தைப் படமெடுங்கள்.

வார்டில் உங்கள் விரலே நல்ல கருவி. அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி நிறம் திரும்புகிறதா, கொப்புளத்தின் அடித்தளம் ஈரமாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து, அழுத்தினாலும் மாறாமல், வலியும் இல்லையென்றால் ஆழம் என்று எழுதுங்கள், நிறம் எதுவானாலும்.

கேள்வி: அறுவைக் கூடத்திலிருந்து வரும் தோல் மாதிரிகளின் விளிம்பு எப்போதும் வெந்தது போலவே இருக்கிறது. தீக்காயமே இல்லாதவர்களுக்கும்!
– ஆய்வக உதவியாளர், டர்பன்

பதில்: மின்சாரச் சூட்டில் வெட்டும் மின்கத்தியின் வேலை. விளிம்பில் செல்கருக்கள் ஒரே பக்கம் இழுத்துவிட்டது போல நீண்டிருக்கும், கொலாஜன் நார் அடையாளம் தெரியாமல் ஒன்றாய்க் குழைந்திருக்கும், மேசன் டிரைக்ரோம் சாயத்தில் நீலமாக வேண்டிய கொலாஜன் சிவப்பாகும். ஆழம் அளக்கப்போகும் மாதிரியைச் சாதாரணக் கத்தியாலோ பஞ்ச் கருவியாலோ எடுக்கச் சொல்லுங்கள். மாதிரியைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றுங்கள்; குறைந்தால் நடுப்பகுதி பதப்படாமல் கெடும். ஃபார்மலினில் ஊறியதன் எஸ்.எச்.ஜி. பெரும்பாலும் தப்பிக்கும், தன்னொளிர்வு ஏறிவிடும். ஆகவே ஊறியதையும் ஊறாததையும் ஒரே வரைபடத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் தீ மிதித்தவர்களின் பாதத்தை இந்தக் கருவியில் பார்த்தால் காயம் தெரியுமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பாதத்தின் மேற்கொம்புப் படலமே (தோலின் மேலே உள்ள செத்த அடுக்கு) அரை மில்லிமீட்டரைத் தாண்டும், வெறுங்காலில் நடந்து பழகியவர்களுக்கு இன்னும் தடிப்பு. 200 மைக்ரோமீட்டர் மட்டும் இறங்கும் லேசர் நுண்ணோக்கி உயிருள்ள செல்லையே எட்டாது. செத்த கெரட்டின் படலத்தைத்தான் அழகாகப் படமெடுத்துத் தரும். ஓ.சி.டி. எட்டலாம், அதுவும் தடிப்பு அதிகமில்லாத உள்வளைவில். தணல் சூட்டை மெதுவாகவே கடத்தும், ஒவ்வோர் அடியும் ஒரு நொடிகூட நிற்பதில்லை. பெரும்பாலான பாதங்கள் தப்புவதன் இயற்பியல் அது. காயம் படுவது பெரும்பாலும் தயங்கி நின்றவருக்கும், விரலிடுக்கில் கங்கு சிக்கியவருக்கும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்களை மிதித்து முடித்த கையோடு விரலிடுக்கு வரை வேறொருவர் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும், மறுநாளும் ஒருமுறை. அவர்கள் கொப்புளம் வந்தது தெரியாமலேயே செருப்பு மாட்டிவிடுவார்கள்.